அடித்தது இரண்டே முறை, இதற்காக வெளியேறலாமா?

புதுக்கணக்கு
திங்கள், மதியம் 1.20

அலுவலகக் கம்ப்யூட்டரில் சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வயது 34. கல்யாணமாகிப் பத்து வருடம். பெண்ணுக்கு ஒன்பது, பையனுக்கு ஆறு. பனியன் கம்பெனி ஒன்றில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். சம்பளம் 19,000. அது வந்து விழுகிற பாங்க் கணக்கில் இருப்பது அவருடைய போன் நம்பர், ஏடிஎம் கார்டு அவர் பர்ஸில். காலையில் ஐம்பது ரூபாய் தருவார், ராத்திரி எட்டு மணிக்கு அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டும். கம்பெனிக் கணக்கைப் பைசா பிசகாமல் முடிக்கிறவள் நான், ஒரு நாள் பன்னிரண்டு ரூபாய்க்குக் கணக்கு சொல்ல முடியாமல் சமையலறையில் நின்றேன். பையனுக்குத் தேன்மிட்டாய் வாங்கியது சுத்தமாக மறந்துபோயிருந்தது. அன்றைக்கு ராத்திரி ஒன்றரை வரை தூங்க விடவில்லை.

முன்பெல்லாம் டவுன் பஸ்ஸில் போவேன், வீட்டுக்கு வந்ததும் டிக்கெட்டை வாங்கிப் பார்ப்பார், எங்கே ஏறினேன் எங்கே இறங்கினேன் என்று. 2021-ல் பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணமில்லை என்று ஆனது, டிக்கெட்டில் பூஜ்யம்தான் இருக்கும், நானும் நாலைந்து நாள் தூக்கிப் போட்டுவிட்டேன். அடுத்த மாதமே ஸ்கூட்டி வாங்கிக் கொடுத்தார். சொந்தத்தில் எல்லோரும் "பொண்டாட்டிக்கு வண்டி வாங்கிக் குடுத்துட்டாப்ல" என்று பெருமையாகப் பேசினார்கள். வீட்டிலிருந்து கம்பெனிக்கு 6.2 கிலோமீட்டர். தினமும் காலையும் மாலையும் மீட்டரைப் போட்டோ எடுப்பார். ஒரு கிலோமீட்டர் கூடினால் விசாரணை.

குடி கிடையாது, வேறு பழக்கம் கிடையாது. அடித்தது இரண்டே முறை. ஒரு தடவை கன்னத்தில், இன்னொரு தடவை ஃபிரிட்ஜோடு சேர்த்துக் கழுத்தைப் பிடித்தார், உடனே விட்டுவிட்டார், மறுநாள் மன்னிப்பும் கேட்டார். அம்மாவிடம் சொன்னால், "கையில காசு குடுக்கலைன்னா என்ன, வேணுங்கறத வாங்கித் தர்றாருல்ல, ரெண்டு பிள்ளைய வெச்சுட்டு இதயெல்லாம் பெருசு பண்ணாத" என்கிறார். கேள்வி இதுதான். இதைக் கொடுமை என்று சொல்லலாமா, இல்லை நான்தான் ஊதிப் பெரிதாக்குகிறேனா?

மட்டுறுத்துநர்
திங்கள், மதியம் 1.55

பதிவிலிருந்து ஊர்ப் பெயரை எடுத்துவிட்டேன். யாரும் அவரிடம் ஊர், கம்பெனி, சாதி எதுவும் கேட்காதீர்கள். தனிச்செய்தியில் நம்பர் கேட்கிறவர்கள் உடனே வெளியேற்றப்படுவார்கள். அம்மா, எழுதி முடித்ததும் பிரவுசர் ஹிஸ்டரியை அழித்துவிடுங்கள், அலுவலகக் கம்ப்யூட்டர் என்றாலும்.

அரளிப்பூ
திங்கள், மாலை 6.10

கண்ணு, எனக்கு 51. நான் வெளியே வந்தது 2006-ல், மஞ்சள் பையில் இரண்டு சேலையும் பெண்ணின் பிறப்புச் சான்றிதழும். நீ கேட்டிருக்கும் அதே கேள்வியை நான் ஏழு வருடம் கேட்டுக்கொண்டிருந்தேன். என் கணக்கில் அடி அதிகம், அதனால் எனக்குப் பதில் சீக்கிரம் கிடைத்திருக்க வேண்டும், கிடைக்கவில்லை. அடி வாங்கியவளும் "பக்கத்து வீட்டுக்காரி அளவுக்கு இல்லையே" என்று சொல்லிக்கொள்வாள். பக்கத்து வீட்டுக்காரி இன்னொருத்தியைக் காட்டுவாள்.

உன் பதிவில் எனக்கு வயிற்றைப் பிசைந்தது அந்த ஸ்கூட்டிதான். பரிசு மாதிரி கொடுத்து, ஊரையே பாராட்ட வைத்து, அதிலேயே உன்னைக் கட்டிப் போட்டிருக்கிறான் பார். இனி நீ வாயைத் திறந்தால் "வண்டி வாங்கிக் கொடுத்தவனையா?" என்று உன்னையே கேட்பார்கள்.

நீதிமன்ற வராண்டா
திங்கள், இரவு 9.30

மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராக இருக்கிறேன், வக்கீல் இல்லை. நாள் முழுக்க கோர்ட் வராண்டாவில் நிற்கிறவள், பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில், கழுத்தைப் பிடித்ததை ஒற்றை வரியில் கடந்துபோய்விட்டீர்கள். அதை அப்படிக் கடக்க வேண்டாம். கன்னத்தில் விழுந்த அறையும் கழுத்தில் விழுந்த கையும் ஒரே தட்டில் வைக்கிற விஷயம் இல்லை. கழுத்தை நெரித்த கை பிறகு கொலை வரைக்கும் போகிற ஆபத்து பல மடங்கு அதிகம் என்று உலகம் முழுக்க இந்த வேலையில் இருப்பவர்கள் சொல்வார்கள். "உடனே விட்டுவிட்டார்" என்பதில் எனக்கு எந்த ஆறுதலும் இல்லை.

அடுத்து உங்கள் கேள்வி. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ல் வந்தது, 2006 அக்டோபர் 26-லிருந்து நடைமுறையில் இருக்கிறது (அரளிப்பூ அக்கா வெளியே வந்த அதே வருடம்). அதன் மூன்றாம் பிரிவில் உடல் வன்முறை மட்டும் இல்லை, வார்த்தையாலும் மனதாலும் செய்யும் கொடுமை, பணத்தைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும் பொருளாதாரக் கொடுமை எல்லாம் பெயர் சொல்லியே இருக்கின்றன. உங்கள் சம்பளம் உங்கள் கைக்கு வராமல் இருப்பது சட்டப்படியே வன்முறை. நீங்கள் ஊதிப் பெரிதாக்கவில்லை.

நடுநிலைவாதி
திங்கள், இரவு 10.15

எல்லோரும் சேர்ந்து ஒரு குடும்பத்தைப் பிரித்து வைப்பதில் குறியாக இருக்கிறீர்கள். ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்பா? செலவுக்குக் கணக்குக் கேட்பது குற்றம் என்றால் எங்கள் அப்பா தலைமுறையே ஜெயிலில் இருக்க வேண்டும். மனைவியைக் கொடுமைப்படுத்தினால் போடுகிற அந்த 498-ஏ எத்தனை பேர் வாழ்க்கையைக் கெடுத்திருக்கிறது தெரியுமா? பெரியவர்களை வைத்துப் பேசினால் தீராதா? குறைந்தபட்சம் பிள்ளைகளுக்காகப் பொறுத்துப் போகலாம். அப்பா இல்லாமல் வளரும் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று யோசித்தீர்களா?

பின்பெஞ்ச்
திங்கள், இரவு 11.50

நான்தான் அந்தப் பிள்ளை சார். 26 வயது. எனக்காகத்தான் அம்மா பொறுத்துப் போனார்.

எங்கள் தெருவுக்குள் அப்பாவின் பைக் திரும்பும் சத்தம் எனக்கும் தங்கைக்கும் இன்னும் தெரியும். சைடு ஸ்டாண்ட் போட்டால் நல்ல மூடில் இருக்கிறார், சென்டர் ஸ்டாண்டை இழுத்து அடித்துப் போட்டால் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடிவிட வேண்டும். இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஐந்தாம் வகுப்பில் வாய்ப்பாடு தெரியாது, இது தெரியும். போன வருடம் என் மேனேஜர் டேபிளில் பைலைத் தொப்பென்று போட்டபோது உள்ளங்கை வேர்த்துவிட்டது, மூன்று மாடி இறங்கிப் போய் டீக்கடையில் நின்றேன்.

எனக்கு அம்மா மேல் கோபம் கிடையாது. ஆனால் "உங்களுக்காகத்தான்" என்று அவர் சொல்லும்போதெல்லாம் அந்தக் கடனை எப்படிக் கட்டுவது என்று தெரியாமல் நிற்பேன். பிள்ளைகள் பெயரை இதில் இழுக்காதீர்கள்.

நீதிமன்ற வராண்டா
செவ்வாய், காலை 7.05

நடுநிலைவாதி ஐயா, இரண்டைப் போட்டுக் குழப்புகிறீர்கள். 498-ஏ இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 85-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1-லிருந்து. அது கிரிமினல், மூன்று வருடம் வரை சிறை. அதிலும் எடுத்த எடுப்பில் கைது செய்யக்கூடாது என்று 2014-லேயே அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2005-ஆம் வருடச் சட்டம் வேறு. அதில் கேட்பது பாதுகாப்பு, இருக்க இடம், செலவுக்குப் பணம், பிள்ளைகளின் தற்காலிகப் பொறுப்பு. யாரையும் உள்ளே தள்ளுவதற்கு இல்லை. கோர்ட் உத்தரவை மீறினால்தான் ஒரு வருடம் வரை சிறை, 20,000 வரை அபராதம்.

பெரியவர்களை வைத்துப் பேசுவது பற்றி. பேசலாம், கழுத்தைப் பிடிக்காத வீட்டில்.

தாமிரபரணிக்காரன்
செவ்வாய், காலை 11.30

ஒரு அண்ணனாக இதை எழுதுகிறேன், கொஞ்சம் வெட்கத்தோடு. என் தங்கச்சி முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது அவளை நான்தான் திரும்பக் கொண்டுபோய் விட்டேன். இரண்டு கிலோ லட்டு வாங்கி, புதுச் சேலை எடுத்து, மாப்பிள்ளை கையைப் பிடித்து "பார்த்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். வண்டியில் வரும்போது அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. சமாதானமாகிவிட்டாள் என்று நினைத்தேன். இனி இவனிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை என்று முடிவு கட்டியிருக்கிறாள், அது மூன்று வருடம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

இரண்டாம் தடவை அவள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை, கூட வேலை பார்த்த சிநேகிதி வீட்டுக்குப் போனாள். தகவல் தெரிந்து நான் போய் நின்றபோது அந்தச் சிநேகிதியின் மாமியார், எழுபது வயது இருக்கும், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "நீ யாருப்பா, கூட்டிட்டுப் போக வந்தியா, கொண்டு போய் விட வந்தியா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ரொம்ப நேரம் ஆனது.

இப்போது எங்களோடு இருக்கிறாள். மாடி அறையில் கட்டில் போட்டோம், கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டோம் (அவளாகக் கேட்டது அது ஒன்றுதான்), ஆறு மாதத்துக்கு யாரும் அவளிடம் "அடுத்து என்ன" என்று கேட்கக்கூடாது என்று என் மனைவி சட்டம் போட்டாள். பிறந்த வீட்டுக்காரர்கள் இதைப் படித்தால், உங்கள் பெண் சொல்லும்போது நல்ல மாப்பிள்ளை, கெட்ட மாப்பிள்ளை என்று ஆராயாதீர்கள். சாப்பாட்டைப் போட்டுத் தூங்கச் சொல்லுங்கள்.

புதுக்கணக்கு
செவ்வாய், மதியம் 1.15

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். கழுத்து விஷயத்தைப் படித்துவிட்டு பாத்ரூமில் போய் உட்கார்ந்துவிட்டேன். பின்பெஞ்ச் தம்பி, என் பெண் ராத்திரி ஏழே முக்காலுக்கே தம்பியைக் கூட்டிக்கொண்டு படுக்கையறைக்குப் போய்விடுகிறாள். பொறுப்பான பிள்ளை என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். எட்டு மணிக் கணக்குக்கு முன்னால் ஒதுங்குகிறாள் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

ஆனால் போவது என்றால் எங்கே? கையில் நூறு ரூபாய் இல்லை. போனில் என்ன செய்தாலும் அவருக்குத் தெரிகிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் கடத்தல் கேஸ் போடுவேன் என்று முன்பே சொல்லியிருக்கிறார்.

செவ்வந்தி
செவ்வாய், மதியம் 2.40

நான் இரண்டு முறை கிளம்பி இரண்டு முறை திரும்பிப் போனவள். மூன்றாம் முறைதான் நின்றது. முதல் இரண்டு தடவையும் கோபத்தில், ராத்திரியில், ஒன்றும் எடுக்காமல் கிளம்பினேன். ரேஷன் கார்டு அங்கே, சான்றிதழ் அங்கே, நகை அங்கே, பத்து நாளில் நானும் அங்கே. மூன்றாம் முறை எனக்கு எந்தத் துணிச்சலும் வரவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன், ஆனால் எட்டு மாதம் ஒரு ஃபைல் சேர்த்தேன். மாதம் ஒரு காகிதம். ஜெராக்ஸ் எடுத்து, பக்கத்துத் தெரு டெய்லர் அக்காவிடம் கொடுத்து வைத்தேன், அவர் அதைப் பழைய துணி மூட்டைக்குள் வைத்திருந்தார்.

ஆதார், கல்யாணப் பதிவுச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் டிகிரி, சம்பளச் சீட்டு. கல்யாண ஆல்பத்தில் நகை தெரிகிற படங்களைத் தனியாகப் போட்டோ எடுத்து வையுங்கள், நகைக்கடை பில் இருந்தால் இன்னும் நல்லது, பின்னால் சீதனம் திரும்பக் கேட்கும்போது அதுதான் பேசும். ஒரிஜினலை எல்லாம் ஒரே நாளில் எடுக்காதீர்கள், பீரோவில் இடம் காலியாக இருப்பது கண்ணில் பட்டுவிடும்.

ஆண்ட்ராய்டு_அண்ணாச்சி
செவ்வாய், மாலை 4.00

போன் பற்றி நான் சொல்கிறேன். வாட்ஸப்பில் லிங்க்ட் டிவைசஸ் என்ற இடத்தைப் பாருங்கள், அவருடைய கம்ப்யூட்டரோ போனோ அங்கே தெரியலாம். கூகுள் மேப்ஸில் லொகேஷன் ஷேரிங் ஓடுகிறதா பாருங்கள். முக்கியம், பார்த்ததும் அணைத்துவிடாதீர்கள். அணைத்தால் அவருக்குத் தெரிந்துவிடும், அன்றைக்கு ராத்திரி உங்கள் நிலைமை என்ன என்று நீங்கள்தான் அனுபவித்திருக்கிறீர்கள். அந்தப் போனில் எப்போதும்போல இருங்கள், சீரியல், சமையல் வீடியோ, மாமியாருக்கு குட்மார்னிங். இந்த வேலைக்கெல்லாம் வேறு போன், வேறு மெயில், வேறு பாஸ்வேர்டு. கிளம்புகிற அன்று அந்தப் போனைக் கூட எடுத்துப் போவதா என்பதையும் யோசித்து வையுங்கள்.

நீதிமன்ற வராண்டா
செவ்வாய், இரவு 9.45

ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், நீளமாக இருக்கும்.

பணம். பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும், 1987-ஆம் வருடச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்திலேயே இருக்கிறது. எல்லா மாவட்டக் கோர்ட் வளாகத்திலும் ஆபீஸ் இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். வேறு பாங்கில் உங்கள் பெயரில் தனிக் கணக்கு தொடங்குங்கள். போஸ்ட் ஆபீஸ் சேமிப்புக் கணக்கு என்றால் 500 ரூபாய் போதும். சம்பளத்தை அங்கே மாற்றச் சொல்லி ஆபீஸுக்கு ஒரு கடிதம் கொடுத்தால் போதும், ஆனால் கிளம்புகிற மாதத்தில் கொடுங்கள், முன்னால் கொடுத்தால் 1-ஆம் தேதி மாட்டிக்கொள்வீர்கள்.

இடம். 181 மகளிர் உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள். மாவட்டத்துக்கு மாவட்டம் ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது, சகி என்பார்கள், ஐந்து நாள் வரை தங்கலாம், ஆலோசகர் இருப்பார். அதற்குள் அடுத்த இடத்தைப் பார்க்கலாம். கலெக்டர் ஆபீஸில் மாவட்ட சமூக நல அலுவலகம் இருக்கும், அங்கே பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருப்பார், இந்தச் சட்டத்தில் முக்கியமான ஆள் அவர்தான். நீங்கள் சொல்வதைக் கேட்டு குடும்ப நிகழ்வு அறிக்கை எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார்.

மனு போட வீட்டு எல்லைக்குள்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. தற்காலிகமாக எந்த ஊரில் தங்கியிருக்கிறீர்களோ அந்த ஊர் கோர்ட்டிலேயே போடலாம். முதல் விசாரணை மூன்று நாளுக்குள், அறுபது நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வராண்டா வேறு மாதிரி சொல்லும், வாய்தா மேல் வாய்தா, அதையும் தெரிந்துகொண்டு வாருங்கள். ஆனால் அவசரம் என்றால் எதிர்த்தரப்பு வராமலே இடைக்கால உத்தரவு வாங்க 23-ஆம் பிரிவு இருக்கிறது, கழுத்தை நெரித்ததைப் பிரமாணப் பத்திரத்தில் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள்.

பிள்ளைகள். பெற்ற தாய் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவது கடத்தல் ஆகாது, கோர்ட் உத்தரவு எதையும் மீறாத வரை. அவர்கள் வழக்கமாகச் செய்வது வேறு, ஸ்டேஷனில் "மனைவியையும் பிள்ளைகளையும் காணவில்லை" என்று புகார் கொடுப்பார்கள். அதனால் கிளம்பிய அன்றே, "நான் காணாமல் போகவில்லை, என் விருப்பத்தோடு பிள்ளைகளுடன் பாதுகாப்பான இடத்தில் இருக்கிறேன், காரணம் இது" என்று உங்கள் எல்லை ஸ்டேஷனுக்கும் எஸ்.பி. அல்லது கமிஷனர் ஆபீஸுக்கும் ஸ்பீட் போஸ்ட் போடுங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். எங்கே இருக்கிறீர்கள் என்ற முகவரி அதில் வேண்டாம்.

இன்னொன்று. மறுபடி கை வைத்தால் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், "வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லாதீர்கள். யார், எதனால் என்று சொன்னால் ஏ.ஆர். புத்தகத்தில் (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடு) அப்படியே எழுதுவார்கள். அந்த ஏ.ஆர். காப்பி நாலு சாட்சிக்குச் சமம்.

பிறை
புதன், காலை 8.20

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். நாங்கள் முஸ்லிம், இந்தச் சட்டம் எங்களுக்கும் உண்டா?

நீதிமன்ற வராண்டா
புதன், காலை 8.50

உண்டு சகோதரி. விவாகரத்துதான் மதத்துக்கு மதம் வேறு சட்டம். 2005 சட்டம் எல்லோருக்கும் ஒன்று. இன்று மாலை உங்களுக்கென்று தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.

புதுக்கணக்கு
வெள்ளி, மதியம் 1.30

கேஷியர் அக்காவிடம் சொல்லிவிட்டேன். ஆறு வருடமாகப் பக்கத்து டேபிள், ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் அதிர்ச்சியெல்லாம் ஆகவில்லை. "மூணு மணிக்கு டீ வரும்போதெல்லாம் நீ எட்டு ரூபாய்க்குக் கூட யோசிக்கறப்பவே நெனச்சேன்" என்றார். அவருடைய பழைய போன் ஒன்றைத் தருகிறேன் என்றிருக்கிறார், அவர் டிராயரிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

அதிலிருந்து அம்முச்சிக்குக் கூப்பிட்டேன். அம்மாவின் அம்மா, 76 வயது, கிராமத்தில் தனியாக இரண்டு மாடு வைத்துக்கொண்டு சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர். அம்மாவே ஒத்துக்கொள்ளவில்லை, இவர் எங்கே என்று பயந்துகொண்டே சொன்னேன். பாதி கேட்டுவிட்டு, "சாமி, பையன் பால் குடிப்பானா, இல்லை இன்னும் அந்த பூஸ்ட்டுத்தானா?" என்று கேட்டார். எனக்கு முதலில் புரியவில்லை. போனை வைத்த பிறகுதான் அழுதேன்.

நடுநிலைவாதி
வெள்ளி, மாலை 5.20

எல்லாம் சரி, ஆனால் அவருக்கும் ஒரு வாய்ப்புக் கொடுத்துவிட்டுப் போகலாமே, சொல்லிவிட்டுப் போவதுதானே முறை?

அரளிப்பூ
வெள்ளி, மாலை 6.00

தம்பி, நான் அப்படி முறையாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். இடது மணிக்கட்டில் பிளேட் வைத்திருக்கிறார்கள், மழைக்காலத்தில் வலிக்கும். கிளம்பும் நேரம்தான் எல்லாவற்றிலும் ஆபத்தான நேரம். கண்ணு, சொல்லாதே. ஒரு வார்த்தை சொல்லாதே. முந்தின நாள் ராத்திரி இட்லிக்கு மாவு ஆட்டி வை, மறுநாளும் அங்கே இருக்கப் போகிறவள் மாதிரி.

புதுக்கணக்கு
ஏழு வாரம் கழித்து, சனி, இரவு 8.10

வந்துவிட்டேன். அம்முச்சி வீட்டுத் திண்ணையிலிருந்து எழுதுகிறேன்.

ஒரு புதன்கிழமை, அவர் வேலையாக வெளியூர் போன நாள். மாவு ஆட்டி வைத்திருந்தேன் அக்கா. பிள்ளைகளை ஸ்கூலில் விட்டுவிட்டு, வழக்கம்போல் கம்பெனிக்குப் போய், வண்டியை ஸ்டாண்டில் போட்டு, சாவியையும் அவர் கண்காணித்த போனையும் வாட்ச்மேன் அண்ணனிடம் கொடுத்தேன். கேஷியர் அக்கா வீட்டுக்காரரின் ஆட்டோவில் ஸ்கூலுக்குப் போய், பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிப் பிள்ளைகளை வாங்கிக்கொண்டேன். டவுன் பஸ்ஸில் கண்டக்டர் பூஜ்யம் போட்ட டிக்கெட்டைக் கையில் கொடுத்தார். பர்ஸில் இன்னும் இருக்கிறது.

பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஸ்பீட் போஸ்ட் போட்டேன். வராண்டா அக்கா சொன்னது அப்படியே நடந்தது, மூன்றாம் நாள் காணவில்லை என்று புகார் கொடுத்திருக்கிறார். ஸ்டேஷனிலிருந்து கேஷியர் அக்கா மூலமாகப் பேசினார்கள், கடிதம் முன்பே வந்துவிட்டதால் பத்து நிமிடத்தில் முடிந்தது. மகளிர் காவல் நிலையத்தில்தான் இழுத்தார்கள். 1992-லேயே தமிழ்நாட்டில் தொடங்கியது என்று பெருமை பேசுகிறோம், அங்கே உட்கார்ந்தால் முதலில் "அட்ஜஸ்ட் பண்ணிப் போம்மா, எழுதி வாங்கிக் கொடுக்கறோம்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது இல்லாமல் எழுந்திருக்க மாட்டேன் என்று நாலு மணி நேரம் உட்கார்ந்தேன். கூட அம்முச்சி, வெற்றிலைப் பையோடு. கடைசியில் அம்முச்சிக்கு மாடு கறக்க நேரமாகிவிட்டது என்று அவர் போட்ட சத்தத்தில்தான் ரசீது வந்தது என்று நினைக்கிறேன்.

எல்லாம் நன்றாகப் போகிறது என்று சொல்ல முடியாது. இடைக்கால உத்தரவு ஒன்று கிடைத்திருக்கிறது, என்னையோ கம்பெனியையோ நெருங்கக் கூடாது என்று. ஜீவனாம்சம் இன்னும் வரவில்லை, அடுத்த வாய்தா மாதக் கடைசியில். நகை அங்கேதான் இருக்கிறது. அப்பா பேசுவதில்லை. அம்மா அப்பாவுக்குத் தெரியாமல் ஒரு முறை வந்தார், முறுக்குச் சட்டியை வைத்துவிட்டு அரை மணி நேரத்தில் போய்விட்டார். பையன் ராத்திரி அப்பாவைக் கேட்கிறான், என்ன சொல்வது என்று தெரியவில்லை. தினமும் பஸ் மாறிப் போய் வர மூன்று மணி நேரம் ஆகிறது.

எட்டு மணி ஆனால் இன்னும் மனது தானாகக் கணக்குப் போடுகிறது. டீ 8, பென்சில் 5, தேன்மிட்டாய் 10. யாரும் கேட்கவில்லை என்றாலும் ஒரு முறை சொல்லிப் பார்த்தால்தான் தூக்கம் வருகிறது. போகப் போகச் சரியாகுமா அரளிப்பூ அக்கா?

ஒரு அவசரக் கேள்வி. பழைய ஸ்கூலில் டிசி தர மாட்டேன் என்கிறார்கள், அப்பா கையெழுத்து வேண்டுமாம். இங்கே அரசுப் பள்ளியில் சேர்க்கப் போனால் டிசி கொண்டு வா என்கிறார்கள். என்ன செய்வது?

அரளிப்பூ
சனி, இரவு 8.40

எனக்கு இரண்டு வருடம் ஆனது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்துவிடுவேன். இப்போது அணைப்பதில்லை, ஒரு தடவை திரும்பிப் பார்ப்பேன், அவ்வளவுதான். கணக்கைப் போடு கண்ணு, தூக்கம் வந்தால் சரி.

நீதிமன்ற வராண்டா
சனி, இரவு 9.15

டிசி இல்லை என்பதற்காகச் சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது, 2009 கல்வி உரிமைச் சட்டம் 5-ஆம் பிரிவு, எட்டாம் வகுப்பு வரை. அதை ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, கோர்ட் இடைக்கால உத்தரவின் நகலையும் பிள்ளைகளின் எமிஸ் எண்ணையும் (பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் எண்) சேர்த்து எச்.எம்.மிடம் கொடுங்கள், ஒரு காப்பியில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் வட்டாரக் கல்வி அலுவலர் ஆபீஸுக்குப் போகலாம், என்றைக்கு என்று சொல்லுங்கள். திங்கட்கிழமை காலை பிரேயர் முடிந்த கையோடு போங்கள், அப்போதுதான் எச்.எம். ரூமில் இருப்பார். அம்முச்சியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.